கழற்றித் தராத கால்

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து பேத்தி வருகிறாள் என்றதும் அவளுக்குச் சுருக்கு வைத்த கவுன் தைக்க ஆசைப்பட்டேன். அவளைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் என் பழைய தையல் மிஷினில் துணியைச் சுருக்கித் தைக்க ஊசிக்கடியில் மாட்டும் கால் உடைந்திருந்தது. ஆன்லைனில் வாங்கியது பொருந்தவில்லை. தானா ராத்தா டவுனில் மிஷின் கடைக்காரன், "பழைய மிஷின தூக்கிப் போடு லா, ஆன்ட்டி" என்றான். திட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் ஸ்டெல்லாவிடம் அதே மாதிரி மிஷின் இருந்தது, காலும் இருந்தது. கழற்றித் தரமாட்டேன் என்றாள்.

"துணிய எடுத்துட்டு வந்து இங்கயே தைங்கக்கா."

"உன் கால நான் என்ன தின்னுடுவேனா? கஞ்சப் பிசினாறி!"

"திட்டிக்கிட்டே தைங்க. தேத்தண்ணி போடுறேன்."

வேறு வழியில்லாமல் தினமும் மாலையில் போனேன். அவள் ஓயாமல் பேசினாள். நான் எழுந்தாலே இன்னொரு தேத்தண்ணி ஊற்றினாள். கவுன் முடிந்த அன்று அவளே காலைக் கழற்றி நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. புள்ளைங்க கோலாலம்பூர் போனதுலேருந்து வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. அதான் தரல."

காலை அவள் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"திரும்ப மாட்டுடி. ஜன்னல் துணி தைக்கணும்" என்றேன்.

பேத்தி வந்தாள். கவுனைப் போட்டுச் சுற்றிச் சுற்றி ஆடினாள். லீவு முடிந்ததும் போய்விட்டாள்.

என் ஜன்னல்களில் புதுத் துணிதான் தொங்குகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்குகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் ஜொகூரிலிருந்து போன் வருமா என்றே காது காத்துக் கிடக்கிறது.