கட்டம் போட்ட சட்டை

முதல் நாளே எனக்கும் மவுஸுக்கும் ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பெரியவரின் படத்தைத் திறந்து வைத்து, முகத்தைச் சுற்றிக் கோடு போடு என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டார். நான் போட்ட கோடு காதைத் தாண்டிப் போய், ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து பெரியவரின் மூக்கில் இடித்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்பத்தைந்து வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். அவருக்கு அப்போது குரல் இருந்தது, ஆனால் பேசினால் தொண்டை வலிக்கும். அதனால் பேச்சைக் குறைத்திருந்தார்.

எங்கள் கடை மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பிறந்தநாள் பேனர் எல்லாம் செய்வோம். ஆனால் மழையோ வெயிலோ, தவறாமல் வருகிற வேலை இறந்தவர்களின் படம்தான். பதினோராம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். தனியாக எடுத்த படம் பல வீடுகளில் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணத்தில் பத்துப் பேரோடு நிற்கிற படத்தைக் கொண்டுவந்து, இவரை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் கையோ மடியில் இருக்கும் பேரனின் காலோ அதில் தெரியக் கூடாது. மாலை போட்ட படத்துக்குள் உயிரோடு இருப்பவர்களின் விரல் நுனிகூட இருக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள பயம். இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கே அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் கேட்பார்கள். "ஸ்வல்ப பெள்ளகே மாடி, மேடம்," என்று கன்னடத்தில் குழைவார்கள். கொஞ்சம் வெள்ளையாக்கச் சொல்கிறார்கள். அப்புறம் கோட்டு போட்டுவிடச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் இருபது முப்பது கோட்டு தயாராக இருக்கும், தலை இல்லாமல். வயலில் வெறும் உடம்போடு நின்ற மனிதரின் தலையை வெட்டி அந்தக் கழுத்தில் பொருத்த வேண்டும். உயிரோடு இருந்த வரைக்கும் ஒரு நாள் கோட்டு போடாத மனிதருக்குச் செத்த பிறகு எதற்கு அந்தப் புழுக்கம் என்று நான் சத்தமாகவே கேட்பேன். வந்தவர்கள் காதில் விழாமல் இருக்க அவர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

அவருக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி. நான் மைசூரிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்தவள். என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேலி பேசுவதற்கும் சண்டை போடுவதற்கும் வீட்டில் இரண்டே பேர்தான். அதனால் இரண்டையும் நிறையச் செய்தோம்.

தொண்டையில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்ன வாரம்தான் அவர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வாடிக்கையாளர்களோடு பேச நான், வேலை செய்ய அவர் என்று இருந்துகொள்ளலாமே என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் மனதில் இருந்த கணக்கு வேறு என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபத்துக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

வலியோடு வாய் திறந்து அவர் சொல்லித் தந்தவை இரண்டு. முதலாவது, எந்தப் படத்தைத் திறந்தாலும் தொடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பட்டனை அழுத்தினால் அதே படம் இன்னொரு லேயராக மேலே வந்து உட்காரும். கண்ணாடித் தாளை மேலே போட்டு வரைகிற மாதிரி, நாம் கெடுப்பதெல்லாம் மேலே இருப்பதை மட்டும்தான் கெடுக்கும். பிறகு அதை வேறு பெயரில் சேமிக்க வேண்டும். இரண்டாவது, எங்கள் சந்தில் கரண்ட் சொல்லாமல் போகும், யூ.பி.எஸ்.ஸை நம்ப முடியாது. அதனால் நாலு கோடு போட்டதும் ஒரு தடவை சேமிக்க வேண்டும். கண்ட்ரோலும் எஸ்ஸும். அது மூச்சு விடுகிற மாதிரி கையில் தானாக வர வேண்டும் என்றார்.

தப்பு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மூக்கில் இடித்த கோடு பின்னால் போனது, ஜன்னல் கம்பியை விட்டது, காதைத் தாண்டி வந்து காணாமலே போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இது வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றேன்.

"மூடாத வரைக்குந்தான் புள்ள. ஒருக்கா மூடிட்டீன்னா அப்புறம் திரும்பாது," என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கழுத்தில் ஒரு குழாய் இருந்தது. கடைக்கு வருவார், என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நான் சரியாகச் செய்தால் ஒன்றும் வராது. தப்பு செய்தால் என் தோளில் இரண்டு விரலால் தட்டுவார். அதற்குக் கண்ட்ரோல் இசட் என்று அர்த்தம். ஒரு விரலால் தட்டினால் சேமி. மொத்த உள்ளங்கையும் வந்து உட்கார்ந்தால் நகல் எடுக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டேன் என்று அர்த்தம். அந்தக் கை கனமாக விழும். திட்டுகிற மாதிரிதான் விழும். இருந்தாலும் அது விழ வேண்டும் என்பதற்காகவே சில நாள் வேண்டுமென்று நகல் எடுக்காமல் தொடங்குவேன்.

வீட்டுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. ரசத்தில் உப்பு கூடிவிட்டால் தட்டின் ஓரத்தில் இரண்டு விரல் தட்டுவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இரண்டு விரல். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்துக் குழாயைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

கோடு போட்டு வெட்டுகிற பென் டூலில் கழுத்து வளைவைச் சுற்றி வருவது எனக்கு மூன்று மாதத்தில் வந்தது. தலைமுடியை வெட்டி எடுப்பது ஐந்து மாதத்தில். வராதது ஸ்டாம்ப் டூல் மட்டும்தான். ஒரு இடத்தில் இருப்பதை எடுத்து இன்னொரு இடத்தில் பூசி, வேண்டாததை மறைக்கிற கருவி அது. வெற்றுச் சுவரிலும் வானத்திலும் பூசிவிடுவேன். கட்டம், கோடு என்று வந்தால் எனக்குக் கோணிக்கொள்ளும். அவர் பொறுமையாக இரண்டு விரலால் தட்டுவார், மறுபடி செய்வேன், மறுபடி தட்டுவார்.

ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நோட்பேடைத் திறந்து எழுதினார். "எனக்குக் கோட்டு போட்றாத புள்ள. இந்தச் சட்டையே போதும்." அன்று அவர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. கீபோர்டைப் பிடுங்கி, நோட்பேடை மூடினேன். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவரால் பேச முடியாது, நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஏழு வாரம் இருந்தார்.

படம் வேண்டும் என்று அவர் தம்பி, என் கொழுந்தனார், மூன்றாம் நாளே நினைவுபடுத்தினார். நல்ல மனிதர், ஓடி ஓடி எல்லாம் செய்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு கடையில் கொடுத்துவிடலாம் அண்ணி என்றார். ஊருக்கெல்லாம் செய்துகொடுத்த கடை, அவர் படத்துக்கு அடுத்த கடைக்குப் போவதா என்று கேட்டுவிட்டு நானே கிளம்பினேன்.

தேடிப் பார்த்தால் படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பவன் மீசை அரும்பிய வேறொரு ஆள். நோய் வந்த பிறகு அவர் ஃபோனை யார் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்லபடியாக இருந்தது ஒன்றே ஒன்று. நோய்க்கு முந்தைய ஆயுத பூஜை அன்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தன் ஃபோனில் எடுத்து, எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனது. கடை வாசலில் இருவரும் நிற்கிறோம். பின்னால் மானிட்டருக்குச் சாமந்தி மாலை, கீபோர்டில் குங்குமம். அதே நீலக் கட்டச் சட்டை. நான் ஒரு படி மேலே நிற்கிறேன். எடுக்கிற நேரத்தில் கால் வழுக்கி, விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் எதிரில் நான் அவரைத் தொட்டு நிற்கிற படம் வேறு கிடையாது. கல்யாணப் படத்தில்கூட இரண்டு கம்பம் நட்ட மாதிரி தனித்தனியாகத்தான் நிற்கிறோம்.

கொழுந்தனார் பார்த்துவிட்டுக் கோட்டு போட்டுவிடலாம் என்றார். தோள், கை எல்லாம் மறைந்துவிடும், பத்து நிமிட வேலை. கோட்டு கிடையாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல அந்த எழுத்தை நான் சேமித்தா வைத்திருந்தேன்?

ஆக, அவர் தோளிலிருந்து என் கையை நானே எடுக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்தேன். என்னை வெட்டித் தள்ளுவது சுலபமாக இருந்தது, ஓரமாக நிற்பவள்தானே. பிறகு கை. படத்தைப் பெரிதாக்கினேன். என் நாலு விரல் திரை முழுக்க வந்தது, நகத்தில் மஞ்சள் கறையோடு. பக்கத்துக் கட்டத்தை எடுத்து அதன்மேல் பூசினேன். சுண்டு விரல் போனது. சேமித்தேன். மோதிர விரல் போனது. சேமித்தேன். கட்டங்கள் கோணின, நீலக் கோடு ஒன்றோடு ஒன்று சேரவில்லை. கண்ணில் நீர் நின்றதில் எது கோடு எது விரல் என்று தெரியவில்லை. பின்னால் யாராவது இரண்டு விரலால் தட்டுவார்கள் என்று தோள் தன்பாட்டில் காத்துக்கொண்டே இருந்தது. நாலு பூச்சுக்கு ஒரு தடவை கண்ட்ரோல் எஸ். அவர் சொன்ன மாதிரி மூச்சு விடுவது போலத் தானாக வந்தது. முடிந்ததும் மூடிவிட்டு, பிரிண்டுக்குக் கொடுத்தேன்.

காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு கடையைத் திறந்தேன். அந்தப் படத்தை ஒரு தடவை முழுதாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது. படி, சாமந்தி மாலை, நான் வழுக்கியது எல்லாம் சேர்த்து. திறந்தேன். அவர் மட்டும் இருந்தார். வேறு எங்கோ இருக்கும் என்று எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்தேன். எங்கும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது. முதல் பாடத்தைச் செய்யவே இல்லை நான். நகல் எடுக்கவில்லை. அசல் மேலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக அழித்து, ஒவ்வொரு விரலுக்கும் சேமித்திருக்கிறேன். அத்தனை மாதமும் எத்தனையோ பேருடைய தாத்தாவுக்கும் அத்தைக்கும் நகல் எடுக்காமல் தொட்டதில்லை, அவர் கை விழ வேண்டும் என்று வீம்புக்குச் செய்த நாட்களைத் தவிர. அந்த ஒரு நாள் மறந்தேன். விழுவதற்குக் கை இல்லை.

கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மெனுவைத் திறந்து பார்த்தால் அந்த வரி மங்கிக் கிடந்தது, அழுத்த முடியாதபடி. தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஓடினேன். அந்த ஃபோனை எப்போதோ மாற்றிவிட்டாராம். பழைய படமெல்லாம் போச்சேம்மா என்றார். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அதே பெயரில் மேலேயே சேமித்தால் அடியில் எதுவும் இருக்காது என்று சொல்லிப் போனார். அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன். அவர் போன அன்று இல்லை, அன்றுதான்.

கடை நடக்கிறது. ஸ்டாம்ப் டூல் இப்போது எனக்கு நன்றாக வருகிறது. போன வாரம் கட்டம் போட்ட புடவையில் ஒரு குழந்தையின் காலை மறைத்துக் கொடுத்தேன், பெற்ற தாய்க்கே இடம் தெரியவில்லை. திதிக்கு வந்த கொழுந்தனார் சுவரில் மாட்டிய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணி, தோள்கிட்டச் சட்டை கோணலாட்ட இருக்குதுங்க. இப்பத்தான் உங்களுக்கு நல்லா வருதே. சரி பண்ணி வேற பிரிண்டு போட்றலாமுங்க," என்றார்.

அரை மணி நேர வேலைதான். வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்றேன். கட்டங்கள் சேராமல் நாலு இடத்தில் கோணிக் கிடக்கின்றன. என் நாலு விரலும் அங்கேதான் இருந்தன. உயிரோடு இருப்பவளின் கை மாலைக்குள் இருக்கக் கூடாதாம். இருக்கட்டும்.