ஜிஷாவின் ஈரத் துவர்த்து

பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறி வரும் ஜிஷாவைப் போல ஒரு சுத்தக்காரியை எங்கள் பிசியோதெரபி வகுப்பு கண்டதில்லை. நாங்கள் பெண்களெல்லாம் ஒருத்தி முதுகில் ஒருத்தி பழகித்தான் கையால் பிடித்துவிடும் வேலையைப் படிக்கிறோம். ஒருத்தி கட்டிலை விட்டு எழுந்தாளோ இல்லையோ, ஜிஷா தன் துவர்த்தோடு ஓடி வந்துவிடுவாள். காலையில் மருந்துத் தண்ணீரில் நனைத்த அந்த ஒற்றைத் துண்டால் சாயங்காலம் வரை எல்லாக் கட்டிலையும் துடைத்துத் தள்ளுவாள். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மடி ஆசாரமே அவளிடம் தோற்றுப்போகும் என்று நான் கேலி செய்வேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் முதுகில் வட்டமாக அரித்தது. தோல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்றார். கட்டில்களை எதால் துடைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தியின் தோலில் இருந்ததை அந்த ஈரத்துணி கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது!

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி கடன்காரி, தொடைக்கறேன் தொடைக்கறேன்னு எல்லாருக்கும் பூசி விட்டுட்டியேடி!" என்று வகுப்பு நடுவிலேயே கத்தினேன். இரண்டு பேர் அங்கேயே சட்டைக் கையை மடக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வட்டம்.

"நல்லதுக்கல்லோ செஞ்சேன், சுப்பு" என்றாள் ஜிஷா. முகம் வெளுத்திருந்தது.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு நோயாளியாகப் படுக்க வேண்டியவள் நான். தொற்றோடு படுக்கக் கூடாது. மற்றவர்களோ அவள் கை பட்டாலே விலகினார்கள். படுக்க ஆளில்லையென்றால் தேர்வும் இல்லை. அவள் பேந்தப் பேந்த விழிப்பதைப் பார்த்து என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நானே மேடத்திடம் போய்க் கேட்டு வந்தேன்.

"வெளியாள் படுக்கலாமாம். உங்கம்மாவ அழைச்சுண்டு வாடி."

"அம்மா வராது. ரப்பர் மரத்துல பால் வெட்டி வெட்டித் தோள் வலி உண்டு. ஆனா என்னத் தொட விடாது. 'புத்தகம் படிச்சவளுக்கு என் வலி என்ன தெரியும்'னு கேக்கும்."

என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, தேர்வன்று அவள் அம்மா ரத்னாபாய் வந்துவிட்டார். ஜிஷா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வெயிலில் காய்ந்த புது விரிப்பை விரித்தாள். அம்மா கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ஜிஷா தோள்பட்டையை மெல்லத் தடவித் தேடி, ஓரிடத்தில் கட்டைவிரலை ஊன்றினாள். அம்மாவிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

தேர்வு நடத்திய டீச்சர் பதறிக் குனிந்தார். "வேதனை உண்டோ அம்மே? நிறுத்தச் சொல்லட்டா?"

ரத்னாபாய் கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா இரிங்க டீச்சரே. எம்பிள்ள இப்பதான் சரியான எடத்தப் பிடிச்சிருக்கா."