பிரித்து விட்ட தையல்

எங்கள் வீட்டில் ஒருவர் பருத்தால் அது கடைசியில்தான் தெரியும். அதற்குக் காரணம் நான்தான். சிங்காநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எந்த பேண்ட் தைத்தாலும் பின்பக்கத் தையலில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பேன். "இடுப்பு புடிக்குதுக்கா" என்று தம்பி வந்து நிற்பான். பிரித்து, தள்ளித் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுவேன். பத்து நிமிட வேலை. அவனுக்குப் புதிது தைத்தாலும் பழைய பேண்ட்டை மேலே வைத்துத்தான் வெட்டுவேன். நான்கு வருடங்களாக இப்படியே ஓடியது.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஆளில்லாத அறையில் யாரோ அவனைத் திட்டுவது அவனுக்குக் கேட்கும். இப்போதைய மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் அந்தக் குரல்கள் நின்றன, கூடவே பட்டினியும் நின்றது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளியவன், மறுசோறு கேட்டுத் தட்டை நீட்டினான். போதும் என்று எந்த அக்காவுக்குச் சொல்ல வாய் வரும்? கிணத்துக்கடவிலிருந்து வந்த பெரியம்மா, "பையன் நல்லா தேறிட்டான் அம்மணி, கன்னத்தைப் பாரு" என்று பூரித்துப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் கோடையில் ஒரு நாள் அவன் பேண்ட்டைப் பிரிக்க உட்கார்ந்தால், தள்ளித் தைக்க உள்ளே துணியே மிச்சமில்லை. அப்போதுதான் அவனை நிறுத்தி இடுப்பில் டேப் வைத்தேன். நாற்பத்து மூன்று அங்குலம். கண் தவறியிருக்கும் என்று மறுபடி வைத்தேன். அதேதான். ஊரில் இருப்பவர்கள் இடுப்பளவெல்லாம் என் நோட்டில் இருக்க, கூடப் பிறந்தவனுடையது மட்டும் இல்லை. என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நாளாக அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும் வெயிலின் தலையில் போட்டிருந்தேன். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். சர்க்கரை, கொழுப்பு இரண்டுமே எக்கச்சக்கம்.

செய்தி கேட்ட பெரியம்மா போனிலேயே கத்தினார். "அந்தக் கருமாந்திர மாத்திரைய மொதல்ல நிறுத்திப்போடு." முன்பு ஒருமுறை அப்படி நிறுத்திப் பார்த்தவர்கள்தான் நாங்கள். இரண்டே வாரத்தில், நான் விஷம் வைக்கிறேன் என்று சொல்லி, என் கையால் தண்ணீர் வாங்கக்கூட மறுத்தான் தம்பி. அந்த நாட்களை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. அதற்காக, இருபத்தொன்பது வயதில் அவன் இதயமும் சிறுநீரகமும் கெட்டுப்போக விடவும் முடியாது. மனசையும் விட மாட்டேன், உடம்பையும் விட மாட்டேன் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு அவனுடைய மனநல டாக்டரிடம் கிளம்பினேன்.

அங்கே எப்போதும் இரண்டே கேள்விதான். சத்தம் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா. இந்த முறை அவர் வாயைத் திறப்பதற்குள் ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்தேன்.

"ஏனுங்க டாக்டர், நாலு வருசமா இவன் தலையை மட்டுந்தான் பாத்தீங்க. கழுத்துக்குக் கீழயும் மனுசன் இருக்கறானுங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "எடை, இடுப்பு, சர்க்கரை எல்லாம் ஆரம்பத்துலருந்தே பாத்திருக்கணும். தப்புதாம்மா" என்றார். இந்த மருந்து பசியைக் கிளப்பும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும் என்று விளக்கினார். சர்க்கரைக்கு மாத்திரை எழுதினார், சாப்பாட்டைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார். உடம்பை இவ்வளவு படுத்தாத வேறு மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம் என்றும் சொன்னார்.

"ஆனா மாத்தும்போது சத்தம் திரும்ப வந்தாலும் வரலாம். என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

வீராப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சர்க்கரையைவிட அந்தச் சத்தம்தான் எனக்குப் பயம். இதே மருந்து இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தம்பி அதற்குள் முந்திக்கொண்டான்.

"மாத்துங்க டாக்டர். சத்தம் வந்தா எனக்குக் கேக்குமுங்க. அன்னைக்கே அக்காகிட்ட சொல்லிப்போடறேன். சர்க்கரை வந்தது யாருக்குமே கேக்கலீங்களே."

டாக்டர் தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.