கொய்யா மரத்தில் தொங்கிய இரண்டாவது டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் ஸ்டேஷனிலிருந்தே விரட்டியவன் நான். முப்பது வருஷம் போலீஸ் வேலை. கண்மாய்க் கரையில் ஒதுங்கிய பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீயும் குடித்து, விடியும்வரை காவல் இருந்திருக்கிறேன், ஒன்றும் எழுந்து வந்து என்னோடு பேசியதில்லை. ஆகவே நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது ராஜபாளையத்தில், என் சொந்த வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

என் மனைவி செண்பகம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எனக்கு ஊர் ஊராக டியூட்டி, பிள்ளைகளும் இல்லை, தனியாகக் கிடக்கிறாளே என்று ஒரு லீவில் வந்தபோது விசிடி பிளேயரும் ஒரு கௌபாய் படமும் வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் குதிரையும் துப்பாக்கியும் இருந்ததால் சண்டைப் படம் என்று நினைத்து எடுத்தது, பார்த்தால் முழுக்கச் சிரிப்புப் படம். என்ன பாஷை என்றே தெரியாது. பெரிய தொப்பி வைத்த ஒரு நெட்டையன் குதிரையில் ஏறுவான், விழுவான், கதவைத் திறப்பான், கதவோடு சேர்ந்து விழுவான். அவளுக்கு அது போதும். அவன் விழுவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அப்போதெல்லாம் ஒரு படம் இரண்டு டிஸ்க்கில் வரும், ஞாபகம் இருக்கிறதா? அவள் முதல் பாதியை மட்டும் பார்த்திருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கொல்லையில் கொய்யாவைக் கிளி கொத்துகிறது என்று, டிவிக்கு அடியில் கிடந்த ஒரு டிஸ்க்கை எடுத்துக் கிளையில் கட்டிவிட்டேன். வெயிலில் மின்னினால் பறவை அண்டாது, எல்லா வீட்டிலும் செய்வதுதான். அது அந்தப் படத்தின் இரண்டாவது டிஸ்க். அவள் கண்டுபிடிப்பதற்குள் நான் டியூட்டிக்குக் கிளம்பியாகிவிட்டது, மழையில் மேல்பூச்சும் உரிந்துவிட்டது. கழுவித் துடைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள், ஓடவில்லை. திரும்பவும் அதே கிளையில் கட்டிவிட்டாள்.

"ஆண்டாளுக்குக் கிளின்னா உசுரு. அதப் போயி வெரட்டப் போனீய, படம் போச்சு" என்றாள், அடுத்த லீவில் நான் வந்தபோது. அவ்வளவுதான் திட்டு.

முதல் டிஸ்க் முடிகிற இடத்தில் நெட்டையன் குதிரையிலிருந்து எகிறி அந்தரத்தில் நிற்பான், அதோடு திரை நீலமாகிவிடும். மிச்சக் கதையை அவளே கட்டிக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இருந்து அதைத்தான் சொல்வாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டுவேன், காதில் ஒன்றும் ஏறாது. செத்த நேரம் கூட உட்கார்ந்து படம் பாருங்களேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். ரிட்டையர் ஆகட்டும் என்றேன். ரிட்டையர் ஆன வருஷமே அவள் போய்விட்டாள். அத்தனை வருஷம் சொன்ன கதையில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? அதுதான் என்னை அரித்துத் தின்றது.

போன ஆனி மாதம், மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கு ஒற்றை ஆளுக்கு வடித்த சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சத்தம் வேண்டுமே என்றுதான் அந்த முதல் டிஸ்க்கைப் போட்டேன். நெட்டையன் விழுந்து விழுந்து கடைசியில் குதிரையிலிருந்து எகிறினான். திரை நீலமாகவில்லை. நம்பினால் நம்புங்கள், அவன் தரையில் இறங்கினான். தொப்பியைத் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே ஒரு சின்ன வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். எதிரே ஒரு பெண், முதுகு மட்டும்தான் தெரிந்தது, ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "உம்" என்றான். என் குரல் அது.

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குத் தெரியாத சிரிப்பா?

"பொறவு என்னாச்சுன்னு கேளுங்களேன்" என்றாள்.

பேசாமல் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். போலீஸ் புத்தி விடவில்லை. எந்த டிஸ்க் ஓடுகிறது என்று பார்க்க, எச்சில் கையோடு எழுந்து போய்ப் பிளேயரைத் திறந்தேன். படம் அறுந்தது. உள்ளே முதல் டிஸ்க்தான் இருந்தது. மறுபடி போட்டேன், அந்தரத்தில் நின்றான், நீலத் திரை வந்தது. எத்தனை தடவை போட்டேன் என்று கணக்கில்லை.

கொல்லைக்கு ஓடினேன். மரம் முழுக்கச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த டிஸ்க் மட்டும் காய்ந்திருந்தது. தொட்டால் சூடு, பிளேயரிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி.

இதை ஒருவரிடம்தான் சொன்னேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டில் வேலை பார்க்கிற செண்பகத்தின் தம்பியிடம். அவன் சிரிக்கவில்லை. மதுரையில் யாரையோ பிடித்து முழுப் படமும் உள்ள டிவிடி வாங்கி வந்தான், அவன் வீட்டில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். நெட்டையன் எகிறிப்போய்க் குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். அப்புறம் மாவு மூட்டைச் சண்டை, அதோடு படம் முடிந்தது.

"அத்தான், இதுல வீடும் இல்ல, பொம்பளையும் இல்லையே" என்றான்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த டிஸ்க்கை இன்னும் அவிழ்க்கவில்லை. கிளிகள் வந்து கொய்யாவைக் கொத்திவிட்டுப் போகின்றன, நான் விரட்டுவதில்லை. தினமும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை குளிர்ந்துதான் கிடக்கிறது. ஒரு நாள் சூடாக இருந்தால், முதல் டிஸ்க்கைப் போட்டு உட்காருவேன், வீடே இடிந்து விழுந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.