டிரைவர் போட்ட கதை

கணினித் திரையில் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் பதினான்கு மந்திரம் ஓத வேண்டும் என்று எவராவது சொன்னால், ஏன் என்று கேட்பீர்களா, ஓதிவிட்டுப் போவீர்களா?

வீட்டு வரைபடப் பயிற்சிக் கூடத்தின் கணினிப் பொறுப்பாளர் கேட்டார். எதற்கும் ஏன் என்று கேட்பவர் என்பதால் 'ஏன் அக்கா' என்றே அவருக்குப் பெயர். அங்கே ஒன்பது கணினிகள். இயங்குதளம் யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. உள்ளிருந்து படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு நிறுவனத்துடையது. அதை வேலை வாங்கும் டிரைவர் மென்பொருளைப் போடப் பதினான்கு கட்டளைகள். போடாவிட்டால், வரைந்த வீட்டைத் திருப்பும்போது சுவர் முதலில் வரும், கூரை பின்னால் நடந்து வரும்.

மாதக் கடைசியில் அந்தக் கணினிகளிலேயே வேலைத் தேர்வு. எழுதுபவர்களில் அவருடைய நாத்தனாரும் ஒருத்தி.

"அண்ணி, என் வீட்டுக்குக் கூரை நாளைக்குத்தான் வரும்போல."

தனியார் மென்பொருளுக்குத் தலைமை அலுவலக அனுமதி தேவை. "ஒன்பது இயந்திரங்களுக்கும் டிரைவர் போட அனுமதி வேண்டும்" என்று எழுதினார். நான்காம் நாள் அனுமதிக் கடிதத்தோடு ஒரு மனிதர் வந்து நின்றார். லாரி ஓட்டியே தலை நரைத்தவர்.

"ஒன்பது வண்டியாமே மேடம், எங்க நிக்குது?"

"மேசை மேல."

அக்கா தலைமை அலுவலக மேலாளருக்குப் போன் போட்டார். "சார், நான் கேட்டது மென்பொருள்."

"மென்மையான ஆளுதாம்மா. விசாரிச்சுட்டுதான் அனுப்பினோம்."

கடிதத்தில் 'டிரைவர் போட அனுமதிக்கப்படுகிறது' என்று தெளிவாக இருந்தது. அக்காவுக்கு அது போதும். உடனே கட்டளைகளை அடித்தார். ஒன்பதாவது கட்டளையில் திரை கறுத்தது. இணையத்தில் உதவி கேட்டால் ஒரு மேதாவி, "கையேட்டைப் படி" என்றார். கையேடு அந்தக் கறுத்த திரைக்குள் இருந்தது! காசு கொடுத்து வாங்கியவளைக் கைகட்டி நிற்க வைப்பதும், தெரிந்தவன் தெரியாதவளை ஏளனம் செய்வதும் தொழில்நுட்பமா? திமிர்.

வேடிக்கை பார்த்த லாரிக்காரர் சொன்னார்: "வண்டிக்கு ஒரு சாவி மேடம். பதினாலு சாவி கேட்டா அது வண்டியில்ல, ஜெயிலு."

ஐந்து நாள் உட்கார்ந்து அக்கா ஒரு சின்ன நிரல் எழுதினார். அது கார்டைப் பார்க்கும், பொருந்தும் டிரைவரைத் தேடிப் போடும், திரை கறுத்தால் பழையதற்கே தானாகத் திரும்பும். ஒரே பொத்தான். சோதித்துப் பார்க்க லாரிக்காரரையே உட்கார வைத்தார். அவர் பொத்தானைத் தொடவே இல்லை.

"'நிறுவு'ன்னு போட்டிருக்கே, எதை நிறுத்தணும்?"

பொத்தானின் பெயர் 'டிரைவர் போடு' என்று மாறியது. அவர் அழுத்தினார். ஒன்பது இயந்திரத்திலும் அழுத்தினார். "முதல் தடவையா நான் என்னையே போட்டுக்கறேன்" என்று சிரித்தார்.

தேர்வன்று நாத்தனாரின் வீடு கூரையோடு சேர்ந்தே திரும்பியது. வேலை கிடைத்தது.

நிரலை அக்கா எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது ஒரே வகைக் கார்டு. உங்களுடையதில் எங்கே சறுக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே கணினியே தெரியாத ஒருவரை உங்கள் இயந்திரத்தின் முன் உட்கார வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே திருதிருவென்று விழிக்கிறாரோ, அதை அப்படியே எழுதி அக்காவுக்கு அனுப்புங்கள்.