இருமல் கேட்காத வாரம்

ஜக்கையன் ஜீப்பு ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் போடியில் ஆட்களை ஏற்றினால், போடிமெட்டு வளைவுகளெல்லாம் ஏறி அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும்வரை வாய் ஓயாது. காயெடுக்கப் போகும் பெண்களுக்கு அவன் பேச்சில் மலைப்பாதை தெரியாது. ஊர்ச் சங்கதி எல்லாம் பேசுவான். தன் வீட்டில் முனீஸ்வரி இருமுவதை மட்டும் பேசியதில்லை.

முனீஸ்வரிக்குச் சின்ன வயதில் வந்த நெஞ்சுச்சளி, கவனிக்காமல் விட்டதில் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவளும் மலையேறிக் காயெடுத்தவள்தான். மகள் பொற்கொடி பிறந்தபின் கடைகளில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்தாள். வயது ஏற ஏற இருமலும் ஏறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா விளங்கும்படி சொன்னார். மூச்சுக்குழாய்கள் அங்கங்கே விரிந்து பைபோல ஆகிவிட்டன, சளி அதற்குள் தங்கிக்கொள்கிறது, தானாக மேலேறி வராது. இது காசநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஆனால் அடியோடு தீருகிற நோயும் இல்லை. சளியைத் தேங்கவிடாமல் தினமும் வெளியே எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

அதற்காக வாங்கியதுதான் அந்த மிஷின். காலையும் சாயங்காலமும் முதலில் நெஞ்சிறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து, பிறகு மருந்துக்கடையில் குப்பியில் விற்கும் உப்புத்தண்ணீர். மிஷின் கடகடவென்று ஓட, குழாய் வழியாக அது புகையாக வரும். முனீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக இழுப்பாள். உப்பு உள்ளே போய்க் கெட்டிச்சளியை இளக்கும். அதற்கப்புறம் இருமல் தொடங்கும். குடலைப் பிடுங்குகிற மாதிரி இருமி, கிண்ணம் கிண்ணமாகத் துப்பியபின்தான் அவள் முகம் தெளியும். அன்றைக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மிஷின் ஓடினால் ஜக்கையன் சன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவான். டி.பி.யா என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டதிலிருந்து அவனுக்கு அந்தச் சத்தமே ஆகாமல் போனது.

பொற்கொடி ஏலக்காய் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். சின்னமனூரிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடும்பம். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியதும் ஜக்கையனுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டது. வந்த இடத்தில் முனீஸ்வரி இருமினால்? மகளுக்கும் அந்த நோய் இருக்குமோ என்று நினைத்துவிட்டால்?

மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து முனீஸ்வரியிடம் சொன்னான்.

“ராசிங்காபுரத்துக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றியா? அவுக வந்து பாத்துட்டுப் போற மட்டும். தங்கச்சிக்கு மேலுக்குச் சொகமில்ல, தொணைக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்.”

அவள் மிஷினைப் பைக்குள் வைக்கப் போனாள்.

“அத எதுக்குத் தூக்கிட்டு? அங்கிட்டும் நாலு பேரு கேப்பாக. ரெண்டு நாளுதான.”

அவள் மிஷினைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அம்மா ஏன் இப்போது போகிறாள் என்று பொற்கொடி கேட்டதற்கு, சித்திக்கு முடியவில்லை என்று இருவருமே சொன்னார்கள்.

ரெண்டு நாள் என்றது ரெண்டு நாளில் முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் இறந்துபோக, வருகிறதை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். மறுபடி கூட்டிவந்து மறுபடி அனுப்புவானேன் என்று ஜக்கையன் அவளை அங்கேயே இருக்கச் சொன்னான். இடையில் ஒருநாள் போய்ப் பார்த்தான். முனீஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி எழுந்திருக்கும்வரை ஒரு தடவைகூட அவள் இருமவில்லை.

“இருமல் நல்லாக் கொறஞ்சிருக்கே. இந்த ஊருத் தண்ணி உனக்கு ஒத்துக்கிருச்சு போல,” என்றான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அலைச்சலாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான். மனசு லேசாக இருந்தது. மறுநாள் மலையேறும்போது வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் காரில் ஏறிப்போய்க் கொஞ்ச நேரத்தில் ராசிங்காபுரத்திலிருந்து போன் வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, மூச்சு வாங்குகிறது, துப்பினால் ரத்தம் கலந்து வருகிறது என்று தங்கச்சி அழுதாள்.

ஜக்கையன் தன் ஜீப்பிலேயே அவளைத் தேனிக்குக் கொண்டுபோனான். உதடு நீலம் பாரித்திருந்தது. வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மிஷினை எத்தனை நாளாக விட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஜக்கையன் சொன்னான். வேறு எதையோ சொல்லிச் சமாளிக்கிற மாதிரி, ஆனால் அங்கே இருமலே இல்லை, நல்லாத்தான் இருந்தாள் என்றும் சொன்னான்.

டாக்டரம்மா திட்டவில்லை. “இருமுறதுதான்யா அவங்களுக்கு நல்லது. சளி கெட்டியாகி உள்ளேயே உறைஞ்சுபோனா இருமக்கூட வராது. அதுதான் உங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சிருக்கு,” என்றார்.

அவன் வராந்தாவில் போய் உட்கார்ந்தான். காப்பி குடித்தது, தண்ணி ஒத்துக்கொண்டது என்று சொன்னது, சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பியது எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. அவள் நெஞ்சு கனக்கிறது என்றபோதாவது ஓர் எட்டு வீட்டுக்குப் போய் மிஷினை எடுத்துவந்திருக்கலாம். ஜீப்பு வாசலில்தான் நின்றது.

பொற்கொடிக்கு எல்லாம் தெரிந்துபோனது. அப்பாவிடம் அவள் சண்டை போடவில்லை. அவன் எதிரிலேயே போனை எடுத்து லிங்கேஸ்வரனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அம்மாவை ஒளித்துவைத்துவிட்டுத் தனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். ஜக்கையன் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா வேலுத்தாய் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முனீஸ்வரியின் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார். கிளம்பும்போது ஜக்கையனிடம், “நோய் யாருக்கு இல்ல அண்ணே. மறச்சதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு,” என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்துதான் முனீஸ்வரி தாலி கட்டுவதைப் பார்த்தாள்.

ஆனால் போன மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. கடைக்கு வேலைக்குப் போகிறதை விட்டுவிட்டாள். கடைத்தெருவரை நடந்தாலே நடுவில் நின்று நின்றுதான் வருகிறாள். காலையில் ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் லோடை ஜக்கையன் வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டான். அவள் உப்புப்புகை பிடித்து முடித்ததும் பின்னால் உட்கார்ந்து, கையைக் குவித்து முதுகைத் தட்டிவிடுகிறான். கிண்ணத்தைக் கழுவுகிறான். மிஷின் குழாயை வெந்நீரில் அலசிக் காயவைக்கிறான். எதிர்வீட்டுக்காரி பார்க்கத்தான் செய்கிறாள்.

ஒருநாள் முதுகைத் தட்டிக்கொண்டே, அவள் முகம் தெரியாத தைரியத்தில் சொன்னான்: “அன்னைக்கு உன்னைய அனுப்பிச்சது பெரிய பாவம் முனீசு.”

அவள் இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“போகச் சொன்னதுகூடப் பெரிசில்லங்க. நான் செத்துக்கிட்டு இருந்தப்ப உங்க மொகத்துல ஒரு சந்தோசம் இருந்துச்சு பாருங்க. அதத்தான் மறக்க முடியல.”

ஜக்கையனின் கை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் சளி இருக்கிறது, தட்டுங்கள் என்றாள் அவள். அவன் தட்டினான்.