பதினான்கு முறை விலைபோன ஆட்டுக்குட்டி

ஆஸ்திரேலியாவின் குரவாங் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நொலீன் ஹாகர்ட்டுக்கு, மகன் ரோரி போன பிறகு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடுகூட அடுப்படியில் நின்றபடிதான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை வேலை கிடையாது. பேருந்தைக் கழுவுவாள். கழுவி முடித்ததும், முன்பக்கம் சரியாக வரவில்லை என்று மறுபடி வாளியைத் தூக்குவாள்.

ரோரிக்கு ஆறு வயது. முதலில் ஒரு கண் லேசாகத் திரும்பியது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார்கள். சிட்னி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது மூளைத்தண்டில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு மேல் தங்களிடம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"இவன் நாப்பது வருஷம் முன்னாடி பொறந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள் நொலீன்.

டாக்டர் சற்று யோசித்தார். "இதையேதான் சொல்லியிருப்போம்."

பத்தாவது மாதம் பிள்ளை போய்விட்டான். அந்தப் பதில் மட்டும் அவளை விடவில்லை. கொஞ்சம் பிள்ளைகளுக்கே வருகிற நோய், அதனால் பணம் ஒதுக்க ஆளில்லை, பணமில்லாததால் மருந்து இல்லை என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததும் ஆராய்ச்சிக்குக் காசு திரட்டக் கிளம்பிவிட்டாள். பேருந்தின் பக்கக் கண்ணாடிகளில், பிள்ளைகளின் புற்றுநோய்க்கு அடையாளமான தங்க நிற ரிப்பன் கட்டினாள். கடைவாசலில் சாசேஜ் சுட்டு விற்றாள். தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்கி, ஃபுட்பால் கிளப்பில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து மொட்டை போட்டாள். முதல் வருஷம் ஊர் தாராளமாகக் கொடுத்தது. இரண்டாம் வருஷம், சூப்பர்மார்க்கெட்டில் அவளைப் பார்த்ததும் ஆட்கள் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பினார்கள்.

பேக்கரிக்கார கோரல் முகத்துக்கு நேரே சொன்னாள். "நோலி, ஊரே உனக்காக அழுது தீத்தாச்சு. கொஞ்சம் ஓயேன்."

"ஓய்ஞ்சுட்டு என்ன பண்றதுன்னு சொல்லு, ஓயறேன்."

புருஷன் டெஸ் ஆடு வளர்ப்பவன். அதிகம் பேசாதவன், இப்போது சுத்தமாகப் பேச்சை விட்டிருந்தான். சாயங்காலமானால் கொட்டகைக்குப் போய்விடுவான். மகன் பெயர் அந்த வீட்டில் இருவர் வாயிலும் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஆட்டுச் சந்தை. அன்று டெஸ் முப்பது குட்டிகளைக் கொண்டுவந்திருந்தான். நொலீன் நேராக ஏலக்காரர் மெர்வ் குயில்டியிடம் போனாள்.

"மூணு நிமிஷம் கொடு மெர்வ். ஏலம் தொடங்கறதுக்கு முன்னாடி."

"இங்க வர்றவன் ஆடு வாங்க வர்றான்மா. காலங்காத்தால அவனை அழவெச்சா எனக்கு வெலை எறங்கிடும்."

"அழவெக்க மாட்டேன். ஆட்டைப் பத்திதான் பேசுவேன்."

"உன்னை வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. மூணு நிமிஷம். நாலு ஆச்சுன்னா நான் கத்த ஆரம்பிச்சுடுவேன்."

பட்டிகளுக்கு மேலே ஏலக்காரர் நடக்கிற பலகையில் ஏறி நின்றாள். கீழே அறுபது எழுபது பேர். பாதிப் பேர் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பட்டில குட்டிங்க வரிசையா சாகுது. காரணம் தெரியல. என்ன பண்ணுவீங்க?"

ஃபெர்கஸ் கிழவர், ஊரிலேயே பெரிய கஞ்சர், தொண்டையைச் செருமினார். "செத்ததைக் கொண்டுபோய் அறுத்துப் பாக்கச் சொல்லுவோம்."

"எதுக்கு? அதுதான் செத்துப்போச்சே?"

"மிச்சக் குட்டிங்களுக்காக."

அடுத்துப் பேச வேண்டியதை எழுதி வந்த தாள் கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ரோரி போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி டாக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டார். அவன் போனப்புறம் அந்தக் கட்டியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு. உயிரோட இருக்கறப்ப அதைத் தொட முடியாது, தொடாம படிக்கவும் முடியாது, போன சில மணி நேரத்துக்குள்ள எடுத்தாத்தான் உண்டுன்னார். நான் அவரை வெளிய போங்கன்னு கத்தினேன். மாட்டேன்னுட்டேன்." பலகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. டெஸ்கிட்டகூட. ரெண்டு வருஷமா காசு கேட்டு உங்க உயிரை எடுக்கறேனே, அதுக்குப் பின்னாடி இதுதான் இருக்கு. என் கையில இருந்ததை நான் கொடுக்கல."

மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. மெர்வ் கத்தவில்லை. ஆடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

டெஸ் தன் பட்டிக் கம்பியைத் தாண்டி உள்ளே இறங்கினான். ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மெர்வ் காலடியில் விட்டான். "இதை வித்து அவகிட்ட கொடு."

ஏலம் ஏறியது. வாங்கியவர் ஃபெர்கஸ். சந்தை விலையைப்போல் மூன்று மடங்கு.

"எந்த வண்டில ஏத்தணும் ஃபெர்க்?" என்றார் மெர்வ்.

"ஏத்த வேணாம். மறுபடியும் வில்லு."

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"வில்லுன்னா வில்லேன்யா."

அடுத்து வாங்கியவனும் காசைக் கட்டிவிட்டுக் குட்டியைத் திருப்பிக் கொடுத்தான். அதற்கடுத்தவனும். மத்தியானத்துக்குள் அந்தக் குட்டி பதினான்கு முறை விலைபோனது. கோரல்கூட பேக்கரியைப் பூட்டிவிட்டு வந்து ஒரு முறை வாங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது டெஸ்தான் வண்டி ஓட்டினான். வாசல் கேட்டருகே வந்ததும் இறங்கித் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் முதல்ல என்கிட்டதான் கேட்டார்," என்றான். "அவகிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன். சுமை மொத்தத்தையும் உன் தலையில வெச்சுட்டேன் நோலி."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கதவைத் திறந்து இறங்கி, வேலி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். "ரோரியா இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"எடுத்துக்கோங்க, ஆனா பாட்டில்ல போட்டு எனக்குக் காட்டணும்னு சொல்லியிருப்பான்."

சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அழுகையும் வந்தது. அன்று இருவரும் ரோரியைப் பற்றிப் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நொலீன் பேச்சையே மாற்றிக்கொண்டாள். காசு கேட்டாள், கூடவே டாக்டர் தன்னிடம் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றியும் பேசினாள். நர்ஸுகள் கூட்டம், சர்ச் ஹால், வேறு ஊர்ச் சந்தைகள் என்று எங்கே கூப்பிட்டாலும் போனாள். அடுத்த குளிர்காலத்தில், நான்கு மணி நேரத் தொலைவிலிருந்த ஓர் ஊரிலிருந்து டாம்சின் என்ற பெண் அழைத்தாள். மகளுக்கு அதே கட்டி. டாக்டர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நொலீன் அன்றே போனாள். அங்கும் உட்கார முடியாமல் அவர்கள் பாத்திரத்தையெல்லாம் கழுவினாள்.

"நீங்களா இருந்தா இப்ப என்ன சொல்வீங்க?" என்று டாம்சின் கேட்டாள்.

"சரின்னு சொல்வேன். ஆனா அது என் பிள்ளை விஷயம். இவ உங்க பிள்ளை. நீங்க மாட்டேன்னு சொன்னாலும் நான் நாளைக்கு வந்து இதே பாத்திரத்தைத்தான் கழுவுவேன்."

அவர்கள் சம்மதித்தார்கள். மகள் போய்ச் சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து டாம்சினுக்குக் கடிதம் வந்தது. அவள் அதை நொலீனுக்கும் அனுப்பினாள். அந்தக் கட்டியின் செல்கள் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்கின்றன, இரண்டு மருந்துகளை அவற்றின்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். பாதி புரியாமல் நொலீன் ஆராய்ச்சிக்கூடத்துக்கே போன் போட்டாள்.

"அப்ப மருந்து கிடைச்சிடுச்சா?"

"இல்லைங்க," என்றாள் அந்தப் பக்கமிருந்த பெண். "தேடறதுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நிஜமாவே தெரியாதுங்க."

"பரவாயில்ல. நான் வியாழக்கிழமை மறுபடி கூப்பிடறேன்," என்றாள் நொலீன்.